இரண்டு மணிக்கு வர வேண்டிய ஆள்

முப்பத்தோரு வருடப் பட்டாள அனுபவத்துக்கு என்ன விலை? என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், அதை ஒரு நாளைக்கு இருபத்தைந்தாயிரம் என்று விற்றுக்கொண்டிருந்தார். வண்டிச் செலவு தனி. கெஞ்சிப் பேசினால் இருபது வரை இறங்குவார். விலை போட்டுக் கொடுத்தது நான்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் சந்தையில் வளர்ந்தவர்கள். விலைமதிப்பில்லாத சரக்கு என்று எவனாவது சொன்னால், முதலில் அவனுடைய தராசைத்தான் சந்தேகப்படுவோம்.

பேய்க் கதை கேட்டால் சிரிக்கிற ஆள் நான். ஆனால் இது நடந்தது. அத்தான் வாயால் கேட்டேன். அந்தப் பொருளைக் கையில் வாங்கியும் பார்த்தேன். நம்பாதவர்கள் இங்கேயே கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பலாம்.

ஓய்வு பெற்றபின் அத்தான் கம்பெனிகளுக்குப் போய், தலைமை தாங்குவது எப்படி என்று பாடம் எடுத்தார். மொத்தம் ஐந்து பாடங்கள். முதல் நாலும் சுமார் ரகம். ஐந்தாவதுதான் பிய்த்துக்கொண்டு போகும்.

"ஒருத்தனைக் காவலுக்கு நிறுத்தினா, நேரத்துக்கு மாத்து ஆள் போகணும். ஆள் இல்லைன்னா தலைவன் தானே போய் நிக்கணும்."

அதற்கு ஒரு கதையும் உண்டு. மலை முகாம். மூன்று நாளாக விடாத மழை. மேட்டில் ஒருவன் தனியாகக் காவல் நிற்கிறான். இரண்டு மணிக்கு அவனை மாற்ற வேண்டியவனுக்குக் காய்ச்சல். எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். அத்தான் மட்டும் நினைவு வந்து எழுந்து, மழையில் மேடேறி, அவனைக் கீழே அனுப்பிவிட்டு விடியும்வரை தானே நிற்கிறார்.

இந்த இடத்தில் கைதட்டாத கூட்டமே கிடையாது.

ஆனால் சரக்கு அவருடையதில்லை. பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், வேறு படைப்பிரிவிலிருந்து வந்த ஒரு சமையற்காரர் சொன்னது. அவர் சொன்ன கதையில் மாற்ற யாருமே போகவில்லை. அந்தக் காவலாள் என்ன ஆனான் என்பது அவருக்கும் தெரியாது. அத்தான் அதில் ஒரே ஒரு திருத்தம் செய்தார். தன்னை அனுப்பி வைத்தார்.

அன்றைக்கு மலையடிவாரத்தில் ஒரு பயிற்சி விடுதி. சாயங்காலம் நாலரை மணி. கூடத்தில் பின்வரிசை முழுக்கக் காலி. ஆனாலும் ஒருவன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். முழங்கால்வரை கனத்த கோட்டு. எல்லோரும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு விசிறிக்கொண்டிருந்த புழுக்கத்தில், கோட்டு.

ஐந்தாவது பாடம் முடிந்தது. கைதட்டல். அவன் மட்டும் தட்டவில்லை. விறைப்பாக நின்றான்.

"உக்காருங்க தம்பி, இடம் இருக்கே" என்றார் அத்தான்.

முன்வரிசையிலிருந்த மேனேஜர் திரும்பிப் பார்த்தார். "யாரைச் சொல்றீங்க சார்?"

கதவோரம் யாருமில்லை.

கூட்டம் கலைந்ததும் அத்தான் அங்கே போய்ப் பார்த்தார். தரையில் இரண்டு பூட்ஸ் தடங்கள். ஈரச் சேறு. நின்ற இடத்தில் மட்டும். வந்த தடமில்லை. போன தடமில்லை. அந்தப் பக்கம் மழை பெய்து இரண்டு மாதமாகியிருந்தது.

ராத்திரி 1.50. அத்தானுக்கு விழிப்பு தட்டியது.

சளக்... சளக்... சளக்...

குளிரில் விறைத்துப்போன ஒருவன், சூடு வர இடத்தை விட்டு நகராமல் காலை மாற்றி மாற்றி வைக்கிற சத்தம். சேற்றில். ஜன்னலைத் திறந்தார். விடுதிக்குப் பின்னால் ஒரு மேடு. மேட்டின்மேல் தண்ணீர் டேங்க். அதன் அடியில் ஓர் ஆள். கோட்டு.

நானாக இருந்தால் போர்வையை இழுத்துத் தலையோடு மூடியிருப்பேன். ஒருவன் வெளியே தனியாக நிற்க, தான் கட்டிலில் கிடப்பது அத்தானுக்குப் பழக்கமில்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு மேடேறினார்.

பாதி வழியில் டார்ச் அணைந்தது. தட்டினார். எரியவில்லை.

"நில்! யார் அங்க?"

அத்தானின் வாய் தானாகப் பதில் சொன்னது. "நம்ம ஆள்தான்."

"முன்னால வாங்க."

அந்தக் குரல்... வாய் நிறைய எதையோ அடைத்துக்கொண்டு பேசுவதுபோல் இருந்தது.

ஈர மண் வாசனை. பல் கிட்டிப்போகும் குளிர். தொப்பிக்குக் கீழே முகம் தெரியவில்லை. வெறும் இருட்டு.

"நேரமாயிடுச்சு சார்."

"எ... என்ன நேரம்?"

"ரெண்டு மணிக்கு மாத்து ஆள் வரணும்."

"நான்..."

"நீங்க வந்தீங்கன்னு சொன்னீங்களே சார். எல்லாரும் கை தட்டினாங்களே."

பொத். அவன் வாயிலிருந்து ஏதோ கீழே விழுந்தது. சேறு.

"நீங்க வரல சார்."

ஓட வேண்டும் என்று அத்தான் நினைத்தார். கால் கேட்கவில்லை. அந்த உருவம் விறைப்பாக நிமிர்ந்தது. காவலைக் கைமாற்றும்போது பட்டாளத்தில் ஒப்பிப்பார்களே, அதே ராகத்தில் ஆரம்பித்தது.

"துப்பாக்கி ஒண்ணு. குண்டு இருபது. விளக்கு ஒண்ணு. விசில் ஒண்ணு. காவலாள் ஒண்ணு. எல்லாம் சரி. சார்ஜ் எடுத்துக்கறீங்களா சார்?"

இந்தக் கேள்விக்குப் பட்டாளத்தில் ஒரே பதில்தான். முப்பத்தோரு வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த பதில். எங்கள் வீட்டுப் பொடியன்கூடச் சரக்கைப் புரட்டிப் பார்க்காமல் தலையாட்ட மாட்டான். அத்தான் பட்டாளத்துக்காரர். யோசிப்பதற்குள் நாக்கு முந்திக்கொண்டது.

"சரி. எடுத்துக்கிட்டேன்."

உள்ளங்கையில் ஏதோ விழுந்தது. ஐஸ்போலச் சுட்டது.

சளக்... சளக்... சளக்... காலடிகள் மேட்டை விட்டு இறங்கின. பாதி வழியில் நின்றுபோயின.

அத்தான் மூச்சு விட்டார். இறங்கக் காலெடுத்து வைத்தார்.

"நில்! யார் அங்க?"

முதுகுக்குப் பின்னாலிருந்து. அவர் இவ்வளவு நேரம் நின்ற இடத்திலிருந்து.

அது அவருடைய குரல்.

காலைப் பின்னால் வைத்தார். அமைதி.

மறுபடி ஓர் அடி.

"நில்! யார் அங்க?"

இன்னும் பக்கத்தில்... காதோரம்.

நின்றார்.

நின்றுகொண்டே இருந்தார்.

5.40. வானம் லேசாக வெளுத்தது. மோட்டார் போட வாட்ச்மேன் மேடேறி வந்தான்.

"ஐயோ, என்ன சார், இந்நேரத்துல இங்க! உடம்பெல்லாம் நடுங்குது பாருங்க. நீங்க போய்ப் படுங்க, நான் பாத்துக்கறேன்."

அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. 'சரி' என்றால் போதும். ஒரே வார்த்தை. சார்ஜ் கைமாறிவிடும். வாயையும் திறந்துவிட்டார். அப்போதுதான் அவன் கையிலிருந்த சாப்பாட்டு டப்பா கண்ணில் பட்டது. மூடியில் ஒரு பூனைப் படம், கோணலாக. ஏதோ ஒரு குழந்தை ஒட்டியிருக்க வேண்டும்.

"வேண்டாம்பா. நீ மோட்டாரைப் போட்டுட்டு இறங்கு. இது என் டூட்டி."

"நல்ல டூட்டி சார்! டேங்கை யாரு தூக்கிட்டுப் போகப்போறா?" வாட்ச்மேன் சிரித்துக்கொண்டே போனான்.

வெயில் விழுந்தபிறகு அத்தானின் கால் நகர்ந்தது. யாரும் தடுக்கவில்லை.

கீழே டீ குடிக்கும்போது வாட்ச்மேன்தான் பேச்செடுத்தான். "இருட்டினா நாங்க யாரும் அந்த மேட்டுக்குப் போறதில்ல சார். இது ஒரு காலத்துல பட்டாள முகாம். டேங்குக்குக் குழி தோண்டினப்ப ஒரு ஆள் கிடைச்சான். பெருமழைல மண் சரிஞ்சு மூடியிருக்கு."

"செத்துக் கிடந்தானா?"

"கிடந்தா பரவாயில்லையே. நின்னுக்கிட்டிருந்தான் சார். விறைப்பா. தோள்ல துப்பாக்கி. பையில குண்டு, எண்ணினா இருபது. கால்கிட்ட விளக்கு. வாய் முழுக்க மண்ணு. கழுத்துல விசில் சங்கிலி மட்டும் இருந்துச்சு. விசிலைத்தான் எவ்வளவு சலிச்சும் காணோம்."

அத்தான் இரவிலிருந்து மூடியிருந்த கையை மெல்லத் திறந்தார்.

அதோடு பாடம் எடுப்பதை விட்டுவிட்டார். இப்போதெல்லாம் ராத்திரி இரண்டு மணிக்கு அக்கா கண் விழித்தால் பக்கத்துக் கட்டில் காலியாக இருக்கும். அத்தான் வாசல் கேட்டருகே, விறைப்பாக. விடியும்வரை. போன மாதம் அங்கே தங்கியபோது எனக்கு மனசு கேட்கவில்லை. எழுந்து போனேன்.

"அத்தான், நீங்க போய்ப் படுங்க. நான் பாத்து..."

பாய்ந்து என் வாயைப் பொத்தினார். கை ஐஸ். ஈர மண் வாசனை.

"விளையாட்டுக்குக்கூடச் சொல்லாதே மச்சான்."

வியாபாரி புத்தி. படுக்கையில் புரண்டபடி மனசுக்குள் சரக்கைச் சரிபார்த்தேன். துப்பாக்கி ஒன்று, குண்டு இருபது, விளக்கு ஒன்று: மண்ணிலிருந்து எடுத்தாயிற்று. விசில் ஒன்று: அக்காவின் அலமாரியில். காவலாள் ஒன்று: வாசலில் நிற்கிறார்.

மாற்று ஆள் ஒன்று... பாக்கி.