வார்த்தையைத் திருப்பிக் கேட்ட சங்கம்

தொழிற்சங்கச் செயலாளர் வேலை என்பது, முதலாளியிடம் திட்டு வாங்கிய கையோடு தொழிலாளியிடமும் திட்டு வாங்குகிற வேலை. கோயில் கமிட்டியோ, கூட்டுறவுப் பண்டகசாலையோ, எங்கேயாவது 'செயலாளர்' பட்டத்தைச் சுமந்து தொலைத்தவர்களுக்கு நான் சொல்லாமலே புரியும். ஐம்பதுகளில் திருச்சியில் ஒரு நூல் மில்லில் இருந்தேன். கையெழுத்து கொஞ்சம் நன்றாக இருக்கும். அந்தக் குற்றத்துக்காக என்னைச் செயலாளர் ஆக்கினார்கள்.

சோடாக்கடை மாடி

சங்கத்துக்கு ஓர் அறை வேண்டியிருந்தது. மில் சங்கம் என்றாலே வீட்டுக்காரர்கள் கதவைச் சாத்தினார்கள். பாலக்கரையில் சோடாக்கடை வைத்திருந்த ராவுத்தர் மட்டும் "சங்கம்தானே, தாராளமா வாங்க" என்று மாடியைக் கொடுத்தார். நல்ல மனசு என்று பூரித்துப்போய் போர்டு மாட்டிக்கொண்டிருந்தோம். கீழே நின்று அவர் எழுத்துக் கூட்டிப் படித்த பிறகுதான், எங்களைப் பஜனை சங்கம் என்று நினைத்திருந்தார் என்பது தெரிந்தது.

இறக்கச் சொல்லிவிடுவார் என்று ஆணியும் கையுமாக நின்றோம். அவர் எங்களை ஒரு பார்வை பார்த்தார். பிறகு ஆளுக்கொரு கோலி சோடா உடைத்துக் கொடுத்தார். "கத்துறதையெல்லாம் மில்லு வாசல்ல வெச்சுக்குங்க தம்பி. இங்க சோடா பாட்டில் மட்டும்தான் சத்தம் போடணும்."

சம்பூர்ணம் கேட்டது

அந்த மாடிக்கு வந்த முதல் வழக்கு சம்பூர்ணத்தினுடையது. நூலைச் சிட்டம் சிட்டமாகச் சுற்றும் பிரிவில் வேலை பார்த்தவள். கைக்குழந்தைக்காரி. மில்லில் தொட்டில் கட்ட இடம் கிடையாது. அவள் புருஷன் சின்னராசு வண்டியோட்டி. பகல் சாப்பாட்டுச் சங்கு ஊதும் நேரத்துக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மில் வாசலுக்கு வருவான். அவள் ஓடிவந்து பால் கொடுப்பாள். ஒருநாள் சங்குக்கு முன்னால் பிள்ளை ஊதிவிட்டான். வாட்ச்மேன் வந்து சொன்னதும் வேலையை விட்டுவிட்டு ஓடினாள்.

திரும்பி வந்தபோது அந்தப் பிரிவை மேற்பார்க்கும் மாஸ்டர் எல்லார் முன்னாலும், "இது மில்லா, மாட்டுக் கொட்டகையா? பால் மாடெல்லாம் வீட்டுல கட்டிக் கெடக்கட்டும்" என்று சொல்லி, அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்.

மாடிக்கு வந்தவளை உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. வேலையை எப்படித் திரும்ப வாங்குவது என்று நான் சட்டம் பேச ஆரம்பித்தேன். அவள் குறுக்கிட்டாள். "வேலை இருக்கட்டும்ண்ணே. அத்தனை பேரு முன்னாடி என்னை மாடுன்னாரே, அந்த வார்த்தைய அவரைத் திருப்பி எடுத்துக்கச் சொல்லுங்க."

தேர் இழுத்த குரல்

ஊர்வலத்தில் கோஷம் போட ஸ்ரீரங்கத்து வரதனைப் பிடித்தோம். சித்திரைத் தேர் வடம் பிடிக்கும்போது குரல் கொடுத்துப் பழகியவன், மைக்கே வேண்டாம். "சம்பூர்ணத்துக்கு வேலை கொடு" என்று அவன் சொன்னால், "வேலை கொடு" என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். ஒத்திகையெல்லாம் பார்த்திருந்தோம்.

பாலக்கரையைத் தாண்டியதும் வரதனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. தேரை நகர்த்துகிற அதே ராகத்தில் "சம்பூர்ணத்துக்கு வேலை..." என்று இழுத்தான். பின்னால் வந்தவர்களில் பாதிப் பேர் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். அந்த இழுப்பைக் கேட்டதும் அவர்கள் வாய் தானாகத் திறந்து "கோவிந்தா!" என்றது.

தெருவே சிரித்தது. சம்பூர்ணமும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தாள். வேலை போன பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்தில் லத்தியோடு நடந்து வந்த கான்ஸ்டபிள் என் காதோடு கேட்டார்: "ஏங்க, வேலை கேக்குறீங்களா, இல்ல வேலை போச்சுன்னு தமுக்கு அடிக்கிறீங்களா?"

கஞ்சித் தொட்டி

ஊர்வலத்துக்கு நிர்வாகம் மசியவில்லை. வேலைநிறுத்தத்தில் இறங்கினோம். மில் வாசலுக்கு எதிரே வாகை மரத்தடியில் கஞ்சித் தொட்டி திறந்தாயிற்று. சின்னராசு வண்டியில் விறகு கொண்டுவந்து போட்டான். கஞ்சி காய்ச்சியது என் மனைவி; வீட்டில்தான் அடுப்பெரியவில்லையே, அவளுக்கும் பொழுது போக வேண்டாமா? சம்பூர்ணத்தின் பிள்ளை கைக்குக் கை மாறிக்கொண்டிருந்தான். யார் மடியில் கிடக்கிறான் என்று தேடிப் பிடித்துத்தான் அவள் பால் கொடுக்க வேண்டியிருந்தது. மாணிக்கம் என்று ஒருத்தர், கஞ்சியில் உப்பில்லை என்று தினமும் என் மனைவியோடு சண்டைக்கு நிற்பார்.

ஒருவழியாக மானேஜர் என்னைக் கூப்பிட்டார். வேலையைத் தருகிறோம், மாஸ்டர் பேசியதை மட்டும் விட்டுவிடுங்கள் என்றார். கேட்டுச் சொல்கிறேன் என்று வெளியே வந்து எல்லாரிடமும் சொன்னேன். சம்பூர்ணம் தலையைக் குனிந்துகொண்டாள். தன் ஒருத்தியால் இத்தனை வீடு பட்டினி கிடக்கிறதே என்ற வேதனை அவளுக்கு. "போதும்ண்ணே, சரின்னுடுங்க" என்றாள். மாணிக்கம் கஞ்சித் தட்டை டங்கென்று கீழே வைத்தார். "வார்த்தைய உள்ளயே விட்டுட்டு வர்றதுக்கா இந்த உப்பில்லாத கஞ்சியக் குடிச்சோம்? ரெண்டையும் சேத்து வாங்கியாங்க!"

வாகை மரத்தடி

நான் போய் அப்படியே சொன்னேன். மறுநாள் பகலில் மாஸ்டரே கேட்டைத் திறந்துகொண்டு வந்தார், பின்னால் மானேஜர். நாங்கள் எல்லாரும் எழுந்து நின்றோம். சம்பூர்ணம் மட்டும் எழவில்லை. மரத்துப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, முந்தானைக்குள் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாஸ்டர் கனைத்துக்கொண்டு, "அம்மா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தார். அவள் திரும்பாமலே ஒரு கையை உயர்த்தி, இருக்கச் சொன்னாள்.

அவர் வெயிலில் நின்றார். கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துத் துடைத்து அவர் நின்றதைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. என் மனைவி ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுபோய் நீட்டினாள்; மறுக்காமல் வாங்கிக் குடித்தார். சம்பூர்ணம் அவசரப்படவில்லை. பிள்ளை குடித்து முடித்ததும் தோளில் போட்டு, ஏப்பம் வரும்வரை தட்டிக் கொடுத்தாள். சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, மாஸ்டர் முகத்தை நேராகப் பார்த்தாள். "ம், இப்பச் சொல்லுங்க சார்."

சொன்னார். பின்னாளில் போனஸ், லீவு, கேண்டீன் என்று எதையெதையோ கேட்க எத்தனையோ தலைவர்களைக் கூட்டிவந்து பேச வைத்தோம், ஆனால் நிர்வாகத்தை வெயிலில் நிற்க வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கிப்போன தலைவர் அந்தக் கைக்குழந்தை ஒருவன்தான்.