ஆறாத பல்குழி

தொண்ணூற்றேழில் என் கணவருக்கு முதலில் வந்தது பல்வலிதான். டவுணில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துக் காட்டும் வேலை அவருக்கு. நாள் முழுக்கப் பேச வேண்டும். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். குழி ஆறவில்லை. அதற்குள்ளிருந்து சதை வளர்ந்து, வாயை மூட முடியாமல் போனது.

பெரிய ஆஸ்பத்திரியில் பயாப்சி (சதையைக் கிள்ளி எடுத்துச் செய்யும் பரிசோதனை) செய்தார்கள். லிம்போமா (நிணநீர் மண்டலப் புற்றுநோய்) என்றார்கள். ரத்தத்தில் எச்.ஐ.வி.யும் இருந்தது.

"ரெண்டு நோயா டாக்டர்?"

"ஒண்ணாலதாம்மா இன்னொண்ணு. எதிர்ப்புச் சக்தி போயிட்டா இது வேகமா வளரும். வாயில இப்படி வந்து நானே அதிகம் பாத்ததில்ல." சீட்டு எழுதிக்கொண்டே, "உங்க ரத்தத்தையும் பாக்கணும்" என்றார்.

எப்படி வந்தது என்று என் கணவரிடம் ஒருமுறை கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு கேட்கவில்லை.

கீமோதெரபி (புற்றுநோய் மருந்தை ஊசி வழியாக ஏற்றுவது) தொடங்கியதும் கட்டி கரைந்தது. தேங்காய்ப்பால் சொதி ஊற்றிக் குழைத்த சோறு சாப்பிட்டார். "கடைக்குப் போயிருவேன் போலிருக்கே" என்றார். நானும் நம்பினேன். இதை வாசிக்கும் உங்களுக்கும் அப்படிச் சில நாட்கள் வரலாம். சந்தேகப்படாமல் இருந்துவிடுங்கள்.

அடுத்த முறை மருந்து ஏற்றியபின் காய்ச்சல் கண்டது. அது தணிவதற்குள் கட்டி திரும்ப வளர்ந்தது. எச்.ஐ.வி.க்கு வெளிநாட்டில் மாத்திரைகள் வந்திருப்பதாக டாக்டர் சொன்னார். அவற்றின் விலை எங்களுக்கு எட்டவில்லை.

வார்டில் சாப்பாட்டைத் தள்ளியே வைத்துவிட்டுப் போனார்கள். ராதாபுரத்திலிருந்து வந்த அவருடைய அக்கா, என் மதினிதான் பஞ்சை உப்புநீரில் நனைத்து வாயைத் துடைத்தார். என் கணவர் அவர் கையைத் தள்ளிவிட்டார்.

"சும்மா கெடலே. நான் தூக்கி வளத்த ஒடம்பு. எனக்கென்ன பயம்?"

தொட்டால் ஒட்டாது என்று டாக்டர் எல்லோரிடமும் சொல்லியிருந்தார். நம்பியது மதினி மட்டும்தான்.

மார்கழியில் இறந்தார். குளிப்பாட்ட ஆண்கள் யாரும் வரவில்லை. மதினியும் நானுமே குளிப்பாட்டினோம். தாடைக்கு வந்தபோது மதினி பையத் தடவினார், இன்னும் வலிக்கும் என்பதுபோல.

என் ரத்தத்திலும் இருக்கிறது. மகளுக்கு இல்லை.

"ஒனக்கு எதும் செய்யுதா?" என்று மதினி கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

ஒன்றும் செய்யவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. முன்பெல்லாம் உடம்பு சுட்டால் போர்த்திப் படுத்துக்கொள்வேன். இப்போது எழுந்து உட்கார்ந்து, கட்டி ஏதும் உண்டா என்று கழுத்தைத் தடவிப் பார்க்கிறேன்.

மகள் நாலாம் வகுப்பு. அவள் பத்தாவது முடிக்கும்வரை என்று மனம் கணக்குப் போடத் தொடங்கும், பாதியில் நிறுத்திவிடுவேன்.

"நாளைக்கு ரெட்டைச் சடை போடணும்மா" என்கிறாள்.

நாளைக்குத்தானே. சரி என்று சொல்ல முடிகிறது.