மாமனார் கேட்காமல் விட்ட பூ

இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட அந்த ஈசிஜி தாளை டாக்டரம்மா வெளிச்சத்தில் பிடித்துத் திரும்பத் திரும்பப் பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. எடப்பாடியில் எங்கள் தறிக்கூடத்தில் நின்றுகொண்டிருந்த மாமனாருக்கு அன்று மத்தியானம் நெஞ்சை அடைத்து, சட்டை நனைய வேர்த்துவிட்டது. வாயு என்று சோடா குடித்துப் பார்த்தார், கேட்கவில்லை. நானும் என் மனைவியும் பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனோம்.

டாக்டரம்மா தாளைச் செல்போனில் படம் எடுத்து, இதயக் கோடுகளைப் படிக்கும் செயற்கை நுண்ணறிவுக்கு அனுப்பினார். பதில் வந்ததும் மறைக்காமல் சொன்னார். மாரடைப்பில் வழக்கமாக ஏறும் கோடு இதில் ஏறவில்லை, தன் கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ரத்தக்குழாய் முழுக்க அடைத்திருக்கும் என்று கம்ப்யூட்டர் சொல்கிறது, ஆளைப் பார்த்தால் தனக்கும் அந்தச் சந்தேகம்தான், ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருந்தால் இதயம் கெட்டுவிடும், உடனே சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார். மாத்திரை கொடுத்து, ஆம்புலன்ஸையும் வரவழைத்துவிட்டார்.

மாமனார் கட்டிலை விட்டு எழ மறுத்தார். தறி வாங்கினாலும் பெண்ணைக் கொடுத்தாலும் மாரியம்மனிடம் பூ கேட்காமல் அவர் செய்ததில்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்து அம்மன் முன்னால் போட்டு, ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். வெள்ளை வந்தால் அம்மன் சம்மதம். எனக்குப் பெண் கொடுத்ததும் அப்படித்தான்.

"டாக்டரம்மா கண்ணுக்கே தெரியலீங்களாம், மிசினு என்னத்தக் கண்டுச்சு? வலியும் கொறஞ்சிருச்சு. பூ கேட்டுப்போட்டு வாங்க. வெள்ளை வந்தா வாரேன்" என்றார்.

கோயில் நடை சாயங்காலம்தான் திறக்கும். அவர் உதடு கறுத்துக்கொண்டே வந்தது. என் மனைவி அழுதாள். அம்மன்தான் என் நாக்கில் அந்தப் பேச்சைக் கொடுத்தாள் என்று இன்றும் நம்புகிறேன்.

"ஒரு காரியத்துக்கு ரெண்டு தடவை பூ கேக்கப்படாதுன்னு நீங்கதானுங்க மாமா சொல்லுவீங்க. நம்ம கண்ணுக்குத் தெரியாததுக்குத்தானுங்களே பூ கேக்கறோம்? இதுக்கு அந்த மிசினு வழியா ஆத்தா வாக்கு வந்தாச்சுங்க."

"நல்லாப் பேசக் கத்துக்கிட்டீங்க மாப்பிள்ளை" என்று எழுந்துகொள்ளக் கையை நீட்டினார்.

ஆம்புலன்ஸில் அவர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். லாரிகள் விலகி வழிவிடும்போதெல்லாம், உன் பேரால் சொல்லிவிட்டேன் தாயே, பொய்யாக்கிவிடாதே என்று வேண்டினேன். சேலத்தில் உள்ளே கொண்டுபோன பிறகும் அதே வேண்டுதல்தான். கடைசியில் டாக்டர் வெளியே வந்து, ஒரு குழாய் முழுக்க மூடியிருந்தது, திறந்துவிட்டோம் என்றார். அந்தக் கம்ப்யூட்டரும் சில சமயம் தப்பாகச் சொல்லும் என்றும் சொன்னார். நான் அம்மனை நினைத்துக் கும்பிட்டேன்.

மாமனார் இப்போதும் எல்லாவற்றுக்கும் பூ கேட்கிறார். போன வாரம் நெஞ்சுப் பரிசோதனைக்குக் கிளம்பியபோது, கோயிலில் வண்டியை நிறுத்தட்டுமா என்று என் மனைவி கேட்டாள்.

"நெஞ்சுக்கு வேண்டாஞ் சாமி" என்றார். "அதைப் பாக்கறதுக்கு ஆத்தா வேற ஆளு போட்டிருக்கறா."