எட்டுப் பத்துக்கு இறங்காத தண்ணீர்

மனைவியின் முழங்கால் மூட்டுகள் இரண்டையும் மாற்றிவிடலாம் என்று டாக்டர் தேதி கொடுத்த அன்று, திரும்பும் வழியில் சிக்னலில் ஆட்டோ நின்றது. அப்போதுதான் அவள் சொன்னாள்.

"ஆபரேஷனுக்கு முன்னாடி எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. மால், லிஃப்டு இதெல்லாம் பேடா, வேணாம். மண்ணுல நடக்கணும்."

அப்படித்தான் கர்நாடகக் கடற்கரையில் அகநாசினி ஆறு கடலில் கலக்கும் இடத்துக்குப் போனோம். கும்டாவிலிருந்து அரை மணி நேர ஆட்டோ பயணம். தென்னைகளுக்கு நடுவே, ஆற்றைப் பார்த்தபடி ஒரு வீட்டின் மாடியறை. வெள்ளி காலை போய்ச் சேர்ந்து, ஞாயிறு காலை பத்தரை மணி பஸ்ஸில் திரும்புவதாக ஏற்பாடு. திங்கட்கிழமை எனக்கு முதல் ஷிப்டு. பெங்களூரு பொம்மசந்திராவில் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்திரண்டு வருடங்களாக இருக்கிறேன். அங்கே சைரன் நேற்று ஆறு மணிக்கு ஊதியது என்றால் இன்றும் ஆறு மணிக்குத்தான் ஊதும். பார்த்ததைப் பார்த்த நேரத்தோடு டைரியில் எழுதிவைக்கும் பழக்கமும் அந்த வேலையோடு வந்ததுதான்.

வெள்ளிக்கிழமை மீர்ஜான் கோட்டைக்குப் போனோம். செம்புரைக்கல் கோட்டை. மழைக்காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. மதிலில் எந்த இடத்தில் கல் முடிந்து புல் தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இரண்டு கற்கள் சேரும் இடத்தில் வீட்டுச் சாவியை நுழைத்துப் பார்த்தேன். நுனிகூடப் போகவில்லை. எத்தனை மழை பார்த்த சுவர்! என் மேஜைக்கு வந்திருந்தால் ஒரு கேள்வியும் கேட்காமல் கையெழுத்துப் போட்டிருப்பேன். உள்ளே ஆழமான கிணறுகள். ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்தோம். ஒன்றில் தண்ணீருக்குப் பக்கத்திலேயே பெரணிச் செடிகள் முளைத்து, ஈரத்தில் மின்னிக்கொண்டிருந்தன.

மனைவி ஒவ்வொரு படியிலும் வலது காலை வைத்து, இடது காலை அதன் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்து, ஒரு மூச்சு விட்டு, அடுத்த படிக்குப் போனாள். மேலே வந்ததும் மதிலைத் தட்டினாள்.

"இவ்ளோ பெருசா கட்டினவங்க, ஒரு கைப்பிடி வெச்சிருந்தா கொறஞ்சா போயிருப்பாங்க?"

சனிக்கிழமை காலை ஆற்றங்கரையில் நின்றிருந்தோம். கரையை ஒட்டி ஒரு கால்வாய் போல ஆழமான நீர் ஓடியது. அதற்கு அப்பால் அகலமான மணல் திட்டு. மணலுக்குள் கிடக்கும் மட்டிச் சிப்பி எடுக்கும் பெண்கள் சிலர் கூடைகளோடு அந்த நீரில் இறங்கி நடந்து போனார்கள். தண்ணீர் அவர்கள் முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. மணி பார்த்தேன். எட்டுப் பத்து. எழுதிக்கொண்டேன்.

பிறகு அக்கரைக்குப் போகும் படகில் ஏறினோம். ஆறு அங்கே ஏரி போல விரிந்து கிடந்தது. பாதி தூரம் போனதும் மனைவி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏங்க, அங்க பாருங்க. நடு ஆத்துல ஆளுங்க நிக்கிறாங்க!"

காலையில் பார்த்த அதே பெண்கள்தான். அந்தத் திட்டு ஆற்றின் நடு வரைக்கும் நீண்டிருந்தது. தூரத்திலிருந்து பார்க்கும்போது மணல் தெரியவில்லை. தண்ணீரின் மேலேயே நின்று பேசிக்கொண்டிருப்பது போலத்தான் இருந்தது. அக்கரை வரும்வரை அவள் கண்ணை எடுக்கவில்லை.

"நானும் அங்க போய் நிக்கணும்," என்றாள்.

அன்று மாலை வரப்பு வழியாக நடந்தோம். உப்புத் தண்ணீரைத் தாங்கி வளரும் நெல் போடும் வயல்கள் அவை. வரப்போரத்தில் அலையாத்தி மரங்களின் வேர்கள் சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றுக்கிடையே கண்கள் துருத்திய சின்ன மீன்கள் துள்ளித் துள்ளி ஓடின. மீன் தரையில் ஓடுவதை நான் பார்த்ததே இல்லை. வழக்கமாக நின்று பார்க்கும் மனைவி அன்று நிற்கவில்லை. அவள் நினைப்பு நடு ஆற்றில் இருந்தது. நான் மனக்கணக்கு போட்டேன். எட்டுப் பத்துக்கு இறங்கினால் ஒன்பதரைக்குக் கரையேறிவிடலாம். ஆட்டோவை ஒன்பதே முக்காலுக்கு வரச்சொன்னேன்.

ஞாயிறு காலை எட்டு மணிக்கே போய்விட்டோம். எட்டுப் பத்து ஆயிற்று. தண்ணீர் இறங்கவில்லை. நான் இறங்கிப் பார்த்தேன். தொடை வரை நனைந்து, இழுப்பில் கால் தடுமாறி, திரும்பி ஏறினேன். மணல் திட்டு இருந்த இடத்தில் பழுப்பு நிறமாக ஒரு நிழல் மட்டும் தெரிந்தது.

நேற்றுப் பார்த்த பெண்கள் கவிழ்த்துப் போட்ட ஓடத்தின் மேல் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் என் மனைவியின் வயதுள்ள ஒருத்தியிடம் போய், டைரியைக் காட்டிக் கன்னடத்தில் கேட்டேன். நேற்று இந்நேரம் நீங்கள் இறங்கினீர்களே, இன்று ஏன் தண்ணீர் போகவில்லை?

அவள் டைரியைப் பார்த்தாள், என் நனைந்த பேண்ட்டைப் பார்த்தாள், மற்றவர்களிடம் திரும்பினாள். அவள் கன்னடத்தில் சொன்னது தமிழில் இப்படி வரும்: "கேட்டீங்களாடி, ஆறு லேட்டாம். சார் எழுதியே வெச்சிருக்காரு!"

ஓடமே குலுங்கும்படி சிரித்தார்கள். என் மனைவியும் சேர்ந்துகொண்டாள். "பாவம், இவர்கிட்ட லேட்டா வந்தா என்ன ஆகும்னு ஆத்துக்குத் தெரியல."

சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண் விளக்கினாள். தண்ணீர் ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடத் தள்ளித்தான் இறங்கும். இன்னும் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும். கடல்புறத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். நேற்றைய நேரத்தை நம்பி ஆற்றங்கரைக்கு வந்து நின்ற முதல் ஆள் நானாகத்தான் இருப்பேன்.

ஒரு மணி நேரம் பொறுத்தால் பஸ் போய்விடும். மனைவியிடம் சொன்னேன். "இப்ப கிளம்பலாம். ஆபரேஷன் முடியட்டும். நல்லா நடக்க ஆரம்பிச்சதும் மறுபடி வருவோம்."

அவள் புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கி, வீங்கியிருந்த மூட்டைத் தடவினாள்.

"அப்ப வர்றது வேற காலுங்க. இது அம்பது வருஷமா என்னைத் தூக்கிச் சுமந்த கால். சும்னே கழட்டிப் போட்டுட முடியுமா? இதோட ஒரு தடவை அங்க போய் நின்னுக்கறேன்."

ஆட்டோக்காரருக்குப் போன் செய்து மதியம் வரச்சொன்னேன். முதல் ஷிப்டுக்கு வர முடியாது என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பினேன். இருபத்திரண்டு வருடங்களில் இது முதல் தடவை. போனையும் கைக்கடிகாரத்தையும் பையில் போட்டு ஓடத்தின் கீழே வைத்தேன்.

தண்ணீர் முழங்காலுக்குக் கீழே வந்ததும் அந்தப் பெண் எழுந்தாள். "வாங்க அக்கா" என்று என் மனைவியின் ஒரு கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு கையை நான் பிடித்துக்கொண்டேன். கால்வாயைக் கடக்கும்போது அவள் விரல்கள் என் கையை நசுக்கின. முகத்தைப் பார்த்தேன். வலியில் உதடு மடங்கியிருந்தது. கண் மட்டும் எதிரே மணலில் இருந்தது. ஒரு முறைகூட "போதும்" என்று சொல்லவில்லை. முப்பது வருடங்களாக இவளோடு குடும்பம் நடத்துகிறேன். இவ்வளவு பிடிவாதம் எங்கே இருந்தது என்று வியப்பாக இருந்தது.

நடுவில் போய் நின்றோம். மேற்கே கழிமுகத்தில் அலைகள் வெள்ளைக் கோடாக உடைந்தன. கிழக்கே மலைகள். தலைக்கு மேலே செம்பருந்துகள் வட்டமிட்டன. இரண்டு பக்கமும் ஆறு ஓட, எங்கள் கணுக்கால் அளவு தண்ணீர் கண்ணாடியாக நின்றது. பெண்கள் குனிந்து தேடவில்லை. நின்றபடியே பாதத்தை மணலுக்குள் திருகி, மட்டி தட்டுப்பட்டால் மட்டும் குனிந்தார்கள். மனைவியும் அப்படியே பாதத்தைத் திருகினாள். கொஞ்ச நேரம் கழித்துக் கத்தினாள்.

"ஏங்க, கிடைச்சிடுச்சு! காலுக்கடியில இருக்கு. எனக்குக் குனிய வராது, சீக்கிரம் எடுங்க!"

நான் குனிந்து அவள் கட்டைவிரலுக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். எலுமிச்சை அளவு மட்டி. அவள் அதை உள்ளங்கையில் வைத்துச் சுற்றியிருந்த எல்லாருக்கும் காட்டினாள்.

"சார், எத்தனை மணிக்குக் கிடைச்சுதுன்னு எழுதிக்குங்க," என்றாள் அந்தப் பெண்.

எத்தனை நேரம் நின்றோம் என்று தெரியாது. திட்டின் ஓரத்தில் ஒரு சின்ன ஓடம் நங்கூரம் போட்டு நின்றது. அதன் மூக்கு அதுவரை மலையைப் பார்த்திருந்தது. கடல் நீர் ஏறத் தொடங்கி, அது மெல்ல நகர்ந்து கடல் பக்கம் திரும்பியதும், யாரும் சொல்லாமலே எல்லாரும் கூடையைத் தூக்கினார்கள். நாங்களும் திரும்பினோம். பெங்களூருக்கு இரவு பஸ்ஸில் கடைசி வரிசையில்தான் இடம் கிடைத்தது. ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போட்டது. அவள் நன்றாகத் தூங்கினாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூன்றாம் நாள் பிசியோதெரபி செய்யும் பெண் வந்து, வாக்கரைப் பிடித்து நிற்கச் சொன்னாள். மனைவி கண்களை மூடிக்கொண்டு நின்றாள். வலது பாதம் மட்டும் தரையில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தது.

"ஆன்ட்டி, காலை அசைக்காதீங்க. என்ன பண்றீங்க?"

"மட்டி இருக்கான்னு பாக்கறேம்மா," என்றாள்.

அந்தப் பெண் குழப்பத்தோடு என்னைப் பார்த்தாள். நான் குனிந்து, தரையிலிருந்து எடுத்துக் கொடுப்பதுபோல் கையை நீட்டினேன்.