தலை சுற்றினால் டீ வாங்கித் தராதீர்கள்

முதல் தடவை அது வந்தபோது பேருந்து நின்றுகொண்டிருந்தது. பயணிகளுக்கு ஏதும் ஆகாமல் போனது அதனால்தான். தருமபுரி பேருந்து நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினேன். கால் பட்டதும் தரை ஒரு பக்கமாகச் சரிந்தது. எதிரே இருந்த கடைகளும் ஆட்களும் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருப்பதுபோல் தெரிந்தது. டயரைப் பிடித்தபடி உட்கார்ந்து வாந்தி எடுத்தேன். இடது காது அடைத்துக்கொண்டு உள்ளே இரைந்தது.

நடத்துநர் மாது டீயோடு ஓடிவந்தான். "வெறும் வயித்துல ஓட்டியிருப்பீங்கண்ணா. ஸ்ட்ராங்கா ஒரு டீ அடிங்க, செரியாப் போயிரும்."

குடித்தேன். அதன் பிறகு தலை சுற்றிய ஒவ்வொரு தடவையும் யாராவது ஒருவர் ஸ்ட்ராங்காக டீ வாங்கிக் கொடுத்தார்கள். நானும் குடித்தேன்.

நான் தனியார் பேருந்து ஓட்டுநர். தருமபுரியிலிருந்து தொப்பூர் கணவாய் இறங்கிச் சேலம் போய்த் திரும்புவது என் வேலை. லாரிகளுக்கு நடுவே அந்த இறக்கத்தில் வண்டி இறக்குகிறவனுக்குத் தலை சுற்றினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு மருத்துவர் ரத்த அழுத்தம் என்றார். இன்னொருவர் குளுக்கோஸ் ஏற்றினார். சொந்தக்காரர்கள் பித்தம் என்றார்கள். ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள், சுற்றல் மட்டும் நிற்கவில்லை.

ஒருநாள் பேருந்துகளை நிறுத்தும் ஷெட்டில் எல்லோர் முன்னாலும் தடுமாறி விழுந்தேன். முதலாளி கிட்டே வந்து, "வாயை ஊதுங்க" என்றார். வாழ்நாளில் சாராயத்தைத் தொடாதவன் நான். ஊதினேன். நாற்றம் இல்லை என்று தெரிந்த பிறகும் அவர் முகம் மாறவில்லை. தள்ளாடுகிறவன் குடித்திருக்கிறான் என்பது எங்கள் பக்கத்தில் முடிந்துபோன தீர்ப்பு.

என் மனைவி செல்விதான் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். கேட்புத்திறன் சோதனை எடுத்தார்கள். மூளையை ஸ்கேன் செய்து, அங்கே கோளாறு இல்லை என்றார்கள். கடைசியில் மருத்துவர் சொன்ன பெயர் மெனியர் நோய் (உள்காதில் இருக்கும் நீர் அளவுக்கு மேல் சேர்ந்து, கேட்கும் திறனையும் உடலின் சமநிலையையும் குலைப்பது).

"டீ, காபி எவ்வளவு குடிப்பீங்க?" என்று கேட்டார்.

எனக்குச் சொல்லத் தெரியவில்லை. நெடுஞ்சாலை உணவகங்களில் பேருந்தை நிறுத்தினால் ஓட்டுநருக்கு டீ தானாக வரும். "வூட்ல குடிக்கறது மட்டுந்தாங்க எனக்குத் தெரியும். அதுக்கே கணக்கில்லீங்க" என்றாள் செல்வி.

"டீயாலதான் வந்துச்சுன்னு சொல்ல முடியாது. அதுல இருக்கற காஃபின் (தேயிலையிலும் காபிக்கொட்டையிலும் இருக்கும் ஊக்கப்பொருள்) சிலருக்கு இதைத் தூண்டிவிடும், தூக்கத்தையும் கெடுக்கும். சிலருக்கு ஒண்ணும் பண்ணாது. உங்களுக்கு எப்படின்னு கொறச்சுப் பாத்தாத்தான் தெரியும். உப்பையும் கொறைங்க. இப்போதைக்கு வண்டி ஓட்டாதீங்க."

எரிச்சலாக வந்தது. இத்தனை சோதனைக்குப் பிறகும் பார்த்தால்தான் தெரியுமா?

அந்தக் கோபத்தில் டீயை ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாளே மண்டை பிளந்தது. சுற்றல் இல்லாத நேரத்திலும் தலை மிதந்தது. யார் பேசினாலும் அடிக்கப் போகலாம் போல இருந்தது.

"டீயை வுடச் சொன்னாரு. வுட்டப்புறந்தான் தலையே ஒடையுது!" என்று செல்வியிடம் கத்தினேன்.

"கொறைக்கத்தான் சொன்னாரு. நீங்களா வுட்டீங்க. அவரு சொன்னதைக் காதுல வாங்குனீங்களா?"

"எந்தக் காதுல?" என்றேன். அவள் சிரித்துவிட்டாள். பல வாரங்களுக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

பழகிய உடம்பிலிருந்து காஃபினைத் திடீரென்று எடுத்தால் தலைவலியும் கிறுகிறுப்பும் வரும் என்று மருத்துவர் பிறகு விளக்கினார். அதனால் படிப்படியாகக் குறைத்தேன். டம்ளர் சிறிதானது, தூள் குறைந்தது, மாலை டீ நின்றது. காலையில் அரை டம்ளர் மட்டும் மிஞ்சியது. இதே நோயோடு இதைப் படிக்கிறீர்கள் என்றால், என்னைப்போல் முரட்டுத்தனமாக நிறுத்தாமல், உங்கள் மருத்துவரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

சொந்தக்காரர்களைச் சமாளிப்பது அதைவிடச் சிரமம். "எங்க வூட்டு டீ உங்களுக்கு எறங்காதுங்களா?" என்று மைத்துனரின் மனைவி முகம் சுளித்தார். காதுக்குள் நீர் கூடும் கதையை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி அலுத்துப்போனேன்.

இப்போது சுற்றல் எப்போதாவதுதான் வருகிறது. டீயைக் குறைத்ததாலா, உப்பாலா, மருத்துவர் தந்த மாத்திரையாலா, ஒழுங்காகத் தூங்குவதாலா என்று எனக்குத் தெரியாது. மருத்துவருக்கும் தெரியாது. இடது காதில் கேட்கும் திறன் பாதி போய்விட்டது. பேருந்து ஓட்ட அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. ஷெட்டில் மற்றவர்கள் ஓட்டப்போகும் வண்டிகளைச் சரிபார்த்து அனுப்புகிறேன்.

போன வாரம் சேலத்துக்கு எங்கள் பேருந்திலேயே பயணியாகப் போனேன். தொப்பூர் இறக்கத்தில் வளைவு வரும் முன்பே என் உடம்பு சாய்ந்தது. வலது கால் வெறும் தரையை அழுத்தியது. தலை சுற்றவில்லை. முன்பெல்லாம் சேலம் போய்ச் சேரும் நேரம் மட்டுமே மனதில் இருக்கும். அன்று ஒரு வளைவைக் கடந்ததும் அடுத்த வளைவு வரை மட்டும் நினைத்தேன்.

"நல்லாருக்கீங்களாண்ணா?" என்றான் மாது, டிக்கெட் கிழித்தபடி.

"இப்ப நல்லாருக்கேன்" என்றேன். 'இப்ப' என்ற சொல்லை அவ்வளவு அழுத்தி நான் சொன்னதே கிடையாது.