மெடிக்கல் போர்டை ஆடிட் என்று நினைத்தவன்

1. லைன் நின்ற நாள்

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில், இரும்புத் தகட்டை அழுத்தி வடிவமாக்கும் பிரஸ் ஷாப்பில் குவாலிட்டி டீம் லீடராக இருந்தேன். பாகம் வாங்கும் கம்பெனியின் ஆட்கள் வந்து சோதிக்கும் கஸ்டமர் ஆடிட் வருகிறது என்றால் லைனில் நிற்கும் பிள்ளைகளைத் தயார் செய்வது என் பொறுப்பு. நான் சொல்லிக்கொடுக்கும் பாடம் சின்னது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். சிரித்த முகமாக இரு. நீயாக எதையும் எடுத்துக் கொடுக்காதே. எதைக் கேட்டாலும் முதலில் 'ஓகே சார்'. இந்தப் பாடத்தை வைத்தே பல ஆடிட்டுகளைப் பாஸ் செய்திருக்கிறோம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அப்படிப்பட்ட நான்தான் ஒரு நாள் காலை ஷிப்டில் லைனை நிறுத்தினேன். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே, பிரஸ் ஓடும் சத்தத்துக்குள் யாரோ பேசுவது எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது. 'எல்லாமே ரிஜெக்ட், உனக்குத் தெரியாதா' என்று நச்சரிப்பார்கள். தூக்கமும் போயிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்று எமர்ஜென்சி பட்டனை அடித்துவிட்டு, நல்ல பாகங்கள் இருந்த பெட்டிகளுக்கெல்லாம் ரெட் டேக் கட்ட ஆரம்பித்தேன். ரெட் டேக் என்றால் 'இது பழுது, எடுக்காதே' என்று அர்த்தம். பெட்டிகள் முடிந்ததும் சூப்பர்வைசர் நாற்காலிக்கும் ஒன்று கட்டினேன். இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்று எனக்கு அதில் துளி விளையாட்டும் இல்லை.

மேனேஜர் ஓடிவந்தார். "யோவ், குடிச்சிட்டு வந்திருக்கியா?"

பிரஸ் ஆபரேட்டர் இசக்கி குறுக்கே வந்து நின்றான். கோவில்பட்டிப் பக்கத்துப் பையன், இருங்காட்டுக்கோட்டையில் ரூம் எடுத்துத் தங்கியிருந்தான். "குடிக்கலை சார். நான் பக்கத்துலதான நிக்கேன். அண்ணனுக்கு மேலுக்குச் சரியில்ல" என்றான். பிறகு என் பக்கம் திரும்பி, "வாங்கண்ணே, டீ குடிச்சிட்டு வந்து மிச்சத்தக் கட்டுவோம். நானும் கூடக் கட்டுதேன்" என்றான்.

அவன் அப்படிச் சொன்னதால்தான் நகர்ந்தேன். யாராவது கையைப் பிடித்து இழுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. இப்போது அவன் ஊரோடு போய்விட்டான். எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

2. முதுகுவலி என்று போடலாமா?

எனக்கு வந்திருப்பது சைக்கோசிஸ் என்ற மனநோய் என்று, தொழிலாளர் காப்பீட்டின் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். பிரஸ் பக்கம் இப்போதைக்குப் போகவே கூடாது, குரலுக்குக் காது கொடுத்துக்கொண்டு மெஷினில் கை வைத்தால் கை போய்விடும் என்றார் டாக்டர். வழக்கமான சிக் லீவு ஒரு கட்டத்தில் தீர்ந்தது. ஒன்று, கையைப் பணயம் வைத்து டியூட்டிக்குப் போக வேண்டும். இல்லையென்றால் ரிசைன் செய்ய வேண்டும். மச்சினன் ரிசைன் செய்யச் சொன்னார். வெளியே தெரிந்தால் மானம் போகும் என்பது அவர் கவலை.

என் மனைவி செல்வி, லீவுக் கணக்குப் பார்க்கும் கம்பெனி டைம் ஆபீஸுக்குப் போனாள். அங்கே பாஸ்கர் சார் என்று ஒருவர். ஓ.டி. போட்டதைப் பதிவு செய்யக் கேட்டால்கூட எரிந்து விழுவார். அவருக்கு நாங்கள் வைத்திருந்த பட்டப் பெயரை இங்கே எழுத முடியாது.

"சார், முதுகுவலின்னு போட்டுக்கலாமா? பொண்ணு கீது சார். நாளைக்கு நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்று செல்வி கேட்டிருக்கிறாள்.

"முதுகுவலின்னு போட்டா முதுகுக்குத்தாம்மா வைத்தியம் பாப்பாங்க. இ.எஸ்.ஐ.ல நீண்ட நாள் வியாதிக்குன்னு தனியா ஒரு பெனிபிட் இருக்கு, லீவுல இருந்தாலும் பணம் வரும். மனசு சம்பந்தப்பட்டதும் அதுல வரும். உள்ளத உள்ளபடி போடு. மொதல்ல அவர ரிசைன் லெட்டர் குடுக்க வேணாம்னு சொல்லு. வேலய வுட்டா எல்லாம் போயிடும்."

அவரே உட்கார்ந்து விண்ணப்பத்தைத் தயார் செய்து, எந்தெந்தப் பேப்பர் வேண்டும் என்று சொல்லி, விட்டுப்போன ஒன்றுக்காக எங்கள் பென்னலூர் வீட்டுக்கே பைக்கில் வந்தார். டீ கொடுத்தபோது சர்க்கரை அதிகம் என்று சிடுசிடுத்துவிட்டுப் போனார். பட்டப் பெயரை அன்றோடு விட்டேன்.

3. போர்டு

பெனிபிட் கொடுக்கலாமா என்று முடிவு செய்ய, மெடிக்கல் போர்டுக்கு வரச் சொன்னார்கள். என் மண்டையில் அது ஆடிட் என்று பதிந்துவிட்டது. முந்தின நாளே செல்வியை உட்காரவைத்துப் பாடம் எடுத்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல், நீயாக எதையும் எடுத்துக் கொடுக்காதே. அவளும் தலையாட்டினாள். காலையில் இஸ்திரி போட்ட சட்டை, ஷூ, கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு.

மூன்று டாக்டர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த வயதான அம்மாதான் கேள்வி கேட்டார்.

"எப்படி இருக்கீங்க?"

"ஓகே டாக்டர்."

"தூக்கம்?"

"ஓகே."

"குரல் ஏதாவது கேக்குதா?"

"கண்ட்ரோல்ல இருக்கு டாக்டர்."

"வேலைக்குப் போக முடியுமா?"

"நாளைக்கே ரெடி டாக்டர்."

பக்கத்தில் இருந்தவரிடம், "நல்லாத் தேறிட்டார் போல. டியூட்டில சேரலாமே" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். பாஸ் ஆகிவிட்டோம் என்றே நினைத்தேன். எதை வாங்க வந்தோம் என்பதே மறந்துவிட்டது.

"வீட்ல எப்படிம்மா இருக்காரு?"

"நல்லா கீறாரு டாக்டர்" என்றாள் செல்வி, சொல்லிக்கொடுத்தபடி.

டாக்டர் பேனாவை எடுத்தார். செல்வி மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"எழுதாதீங்க டாக்டர். இவரு சொல்லச் சொன்னத சொல்லிட்டேன். நல்லா இல்ல. வூட்ல ஃபேன் போடறதே இல்ல. ஃபேன் சத்தத்துல ஆளுங்க பேசறாங்கன்றாரு. மிக்ஸி போட முடியாது, பக்கத்து வூட்ல போயி அரைச்சிகினு வரேன். இன்னிக்கு ஷேவ் பண்ணி, ஷூ மாட்டி இட்டுகினு வந்தது நான்தான். ராவுல வாசக்கதவுக்குக் குறுக்கதான் படுக்கறேன். இவரு பாட்டுக்கு எழுந்து போயிட்டா நான் எங்க போய்த் தேடுவேன்?"

"செல்வி, வாய மூடு" என்றேன். அத்தனை பேர் முன்னால் என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாளே என்று உடம்பெல்லாம் எரிந்தது.

"அவங்க பேசட்டும்" என்றார் டாக்டர். பிறகு என்னையே பார்த்தார். "இப்ப, இந்த ரூம்ல, கேக்குதா?"

என் தலைக்கு மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே நுழைந்ததிலிருந்து அதில் பேசிய குரல்களைத் தாண்டித்தான் நான் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். செல்வி அழுதுகொண்டிருந்தாள். இன்னொரு 'ஓகே' சொல்ல வாய் வரவில்லை.

"கேக்குது டாக்டர்." மேலே கையைக் காட்டினேன்.

அந்த அம்மா எழுந்தார். பியூனைக் கூப்பிடவில்லை. தானே நடந்து போய் ஸ்விட்சை அணைத்தார். நல்ல வெயில் காலம். மற்ற இரண்டு டாக்டர்களும் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்கள். ஃபேன் நிற்கும் வரை காத்திருந்துவிட்டு, "இப்ப சொல்லுங்க" என்றார் அந்த அம்மா.

எல்லாவற்றையும் சொன்னேன். அவ்வளவு நேரம் யாரும் என்னை அவசரப்படுத்தாமல் கேட்டது அன்றுதான்.

4. அதற்குப் பிறகு

பூந்தமல்லியில் பஸ் மாறி உட்கார்ந்தபோது செல்வி கேட்டாள், "கோவமாயா?"

"இல்ல. நீ படுக்கற கதவாண்ட எறும்பு வருமே?"

"வரும்" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

பெனிபிட் கிடைத்தது. வீட்டில் அடுப்பு எரிந்தது, மகள் படிப்பு நிற்கவில்லை, மாத்திரை வேலை செய்ய அவகாசம் கிடைத்தது. குரல்கள் மெல்ல மெல்ல ஓய்ந்தன. இப்போது அதே கம்பெனியில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் ரூமில் இருக்கிறேன். பகல் ஷிப்ட் மட்டும். மாத்திரை தொடர்கிறது, அதை மறைப்பதும் இல்லை.

லைனில் நிற்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்வது இதுதான். இந்த வியாதி வந்தால் கூசாமல் அதன் பெயரைச் சொல்லி விண்ணப்பியுங்கள். அந்தப் பணம் பிச்சை இல்லை, நம் சம்பளத்திலிருந்து பிடித்ததும் அதில் இருக்கிறது. போர்டுக்குப் போகும்போது வீட்டில் உங்களைப் பார்த்துக்கொள்பவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். உங்களுக்காக அவர் என்னென்ன பட்டிருக்கிறார் என்பது அங்கேதான் உங்களுக்கே தெரியவரும்.