தச்சநல்லூர் மடையும் என் கைப்பட்டையும்

என் கடைக்கு எதிரே தினமும் காலையில் ஒரு வண்டிக்காரர் தன் வண்டிச் சக்கரத்தைக் கழுவுகிறார். மாட்டைக் கழுவினாலும் மனசு ஒத்துக்கொள்ளும். அது உயிருள்ள ஜீவன். இவர் சக்கரத்தைக் கழுவுகிறார். வாய்க்காலிலிருந்து குடம் குடமாக மொண்டு ஊற்றி, ஆரக்கால் ஒவ்வொன்றையும் வைக்கோலால் தேய்த்து, அப்புறம் அதே சக்கரத்தைச் சேற்றில் உருட்டிக்கொண்டு போகிறார். நான் தச்சநல்லூருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. இன்னும் அதைப் பார்க்கும்போது எனக்குத் தொண்டை வறண்டுபோகும். ராதாபுரத்துக்குத் தெற்கே, நம்முடைய செம்மண் தேரியில், ஒரு குடம் தண்ணீருக்குப் பொம்பிளைகள் எத்தனை நாழிகை கிணற்றடியில் காத்துக் கிடப்பார்கள் என்று ஊரில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைப் போல ஆற்றங்கரைக்குப் பிழைக்க வந்தவர்களுக்கும் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு நாள் நடை தூரம்தான். ஆனாலும் இது வேறு தேசம் ஐயா.

இந்தத் தேசத்துக்கு நான் தலையில் ஒரு கருப்பட்டிச் சிப்பத்தோடு வந்தேன். மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டு வருஷம் படித்தேன். மூன்றாம் வருஷம் அப்பா பனைவேலைக்குக் கூப்பிட்டுவிட்டார். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு இன்றைக்குக் கல்லுக்கட்டுக் கடை, சொந்தமாக இரண்டு வண்டி. என் கருப்பட்டியில் மண் கலந்திருக்கிறது என்று பதினெட்டு வருஷத்தில் ஒருவர் வாய் திறந்ததில்லை. இதையெல்லாம் நான் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்ல வேறொன்று இருக்கிறது. சர்க்கார் என்னை ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆக்கியது.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கி, இங்கே அரிசி விலை ஏறி, சந்தையில் எப்போது கொள்ளை விழுமோ என்று எல்லோரும் பயந்துகொண்டிருந்த நேரம். போலீசுக்கு ஆள் போதவில்லை. சம்பளம் கேட்காமல் வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையிலும் சந்தை நாளிலும் காவல் பார்க்க நம்பிக்கையான வியாபாரிகள் வேண்டும் என்று சொன்னார்கள். பதினோரு பேரைப் பொறுக்கினார்கள். அதில் பனங்காட்டுச் சீமைக்காரன் நான் ஒருவன்தான். ஒரு தடி, ஒரு விசில், கையில் கட்டிக்கொள்ள எழுத்துப் பதித்த ஒரு துணிப்பட்டை. விடியற்காலம் பீட் என்கிற காவல் சுற்றைப் பார்த்துவிட்டு, வெயில் ஏறினதும் பட்டையைக் கழற்றி வைத்துத் தராசைப் பிடிப்பேன்.

உங்களில் வயசானவர்களுக்கு நினைவிருக்கும். நம் ஊருக்கு வருஷத்தில் ஒரு தடவை டாணாக்காரர் வருவார். போலீஸ்காரரை அப்படித்தானே சொல்லுவோம். அவர் தலைப்பாகை தூரத்தில் தெரிந்ததும் ஆண்பிள்ளைகள் எல்லாம் பனையில் ஏறிக்கொள்வார்கள். மேலே வேலை இருக்கிற மாதிரி பாளையைத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். அவர் போகிறவரைக்கும் ஒருவரும் இறங்க மாட்டார்கள். ஒரு தரம் டாணாக்காரர் நிழலில் படுத்துத் தூங்கிவிட்டார். என் அப்பா ஒரு பகல் முழுக்க மரத்திலேயே இருந்தார். அவர் மகன் கையில் இப்போது சர்க்கார் பட்டை. நான் எழுதிப் போட்ட காகிதத்தை உபதேசியார் வேதக்கோயிலில் ஆராதனை முடிந்ததும் சபைக்கு வாசித்தாராம். என் அக்காள் பதில் எழுதச் சொல்லியிருந்தாள்: "ஊர்ல எல்லாரும் ஒன்னைத்தான் பேசுதாவ. மானத்தக் காப்பாத்திக்கிட்டு இரு."

இங்கே மட்டும் அப்படிப் பேசவில்லை. பக்கத்து அரிசிக்கடைச் சண்முகம் முதல் நாளே வாயைத் திறந்தான்.

"என்ன வே, பனங்காட்டுலேர்ந்து வந்தவரு எங்களுக்குக் காவலா? வாய்க்கால் எங்கன திரும்புதுன்னாவது தெரியுமா ஒமக்கு?"

"அது திரும்புத எடத்துல நானும் திரும்பிக்கிடுதேன். ஒம்ம கிட்ட வந்து வழி கேக்க மாட்டேன்."

"பாப்போம் வே. ஆறே மாசம். பட்டைய நீரே கழட்டிக் குடுத்துட்டு வருவீரு."

சந்தையே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பேச்சு எனக்குள் முள்ளாகத் தங்கிவிட்டது. இந்தப் பட்டை போனால் சண்முகம் சிரிப்பான், அது போகட்டும். வேதக்கோயிலில் வாசித்த காகிதத்தை யார் போய்த் திரும்ப வாங்குவது?

திருட்டு நெல் மூட்டை வாய்க்கால் கரை வழியாகத்தான் போகிறது என்று ஏட்டுக்குச் சந்தேகம். அதனால் எனக்கு அந்தக் கரையை பீட்டாகக் கொடுத்தார். அதுவரைக்கும் நான் வயல்பக்கம் போனதே இல்லை. கடை, சந்தை, வேதக்கோயில், இவ்வளவுதான் எனக்குத் தெரிந்த தச்சநல்லூர். முதல் நாள் விடியலில் தடியைச் சுழற்றிக்கொண்டு நடந்தேன். பயிர் இடுப்புயரம் நின்றது. மேலத்தெருக்காரர்கள் வயலுக்குப் போகிற மடை திறந்து கிடந்தது. தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மடைக்கு அடுத்த வயல் நிறைந்து, வரப்பு வாயால் வழிந்து அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. நிறைந்த பிறகும் கொட்டுகிறது! பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. கரையில் ஒரு பெரியவர் குந்தியிருந்து பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்தத் தண்ணி எதுக்கு இப்படி ஓடுது?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தண்ணின்னா ஓடத்தான வே செய்யும்."

"வயலு நெறஞ்சிட்டே?"

"நெறஞ்சா நல்லதுதான!"

வாயைக் கொப்பளித்துவிட்டு எழுந்து போய்விட்டார். இந்த ஊர்க்காரர்களுக்குத் தண்ணீரின் அருமை எங்கே தெரியப்போகிறது என்று எண்ணிக்கொண்டேன். நம் ஊர்க் குளம் நிறைவது வருஷத்துக்கு ஒருமுறை. அந்த மழையில் கரை கசிந்தால் வேதக்கோயில் மணி அடிக்கும். ஊரே மண்வெட்டியோடு ஓடும். ஒரு வருஷம் கசிவுக்குள் என் தோள்வரை கையை விட்டு, அப்பா சொல்லச் சொல்ல, பனைநாரைச் சுருட்டித் திணித்து, மேலே களிமண்ணை அறைந்து, அதற்கு மேல் இன்னொரு சுற்று நார் வைத்து அடைத்தேன். ஒரு சொட்டு வெளியே வரவில்லை. அந்த வருஷம் சித்திரை வரைக்கும் எங்கள் குளத்தில் தண்ணீர் கிடந்தது. அப்படி அடைத்த கை இது.

தடியைக் கரையில் வைத்தேன். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மடைப்பலகையை இறக்கினேன். இடுக்கில் கசிந்தது. கருப்பட்டிப் பொட்டலம் கட்டுகிற பனைநார் எப்போதும் என் இடுப்பில் ஒரு கொத்து இருக்கும், அதை எடுத்தேன். நார், களிமண், மறுபடி நார். தண்ணீர் நின்றுபோயிற்று. முதல் நாளே சர்க்காருக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டேன் என்று நெஞ்சு நிமிர்ந்தது. இதைப் போய் ஏட்டிடம் சொல்லிப் பீற்றிக்கொள்ள வேண்டாம் என்று அடக்கமாகக் கடைக்குத் திரும்பினேன்.

பத்து மணி இருக்கும். ஒருவன் மூச்சு வாங்க ஓடிவந்தான். "அண்ணாச்சி, விசில எடுத்துக்கிட்டு வாரும்! மடையில வெட்டுக்குத்து ஆவப் போவுது!" பட்டையைக் கட்டினேன். சண்முகமும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே வந்தான்.

அங்கே போனால் ஒரு பக்கம் மேலத்தெரு, ஒரு பக்கம் கீழத்தெரு. எல்லார் கையிலும் மண்வெட்டி. நடுவில் நீர்ப்பாய்ச்சி இசக்கி, அதாவது முறைப்படி மடையைத் திறந்து மூடுகிற ஆள், சேற்றில் உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து ரத்தம். நான் விசிலை ஊதினேன். இவ்வளவு பேரும் சட்டென்று நின்றார்கள். அந்த ஒரு நிமிஷம் நான் ராஜா.

மேலத்தெருச் சங்கரன் என்னிடம் திரும்பினார். "நல்ல நேரத்துல வந்தீரு அண்ணாச்சி. எட்டு நாளு காத்துக் கெடந்து இன்னைக்குத்தான் எங்களுக்குத் தண்ணி மொறை. உச்சியோட முடியுது. கடைசி வயல்ல பயிரு கதிரு வாங்கப் போற பொதியா நிக்கி, தரை வெடிச்சுக் கெடக்கு. ஒரு வயலத் தாண்டித்தான் அடுத்த வயலுக்குத் தண்ணி போவும். இந்தப் பய கீழத்தெருக்காரனுவளோட சேந்துக்கிட்டு மடைய அடைச்சுப்புட்டான். தண்ணி பூராவும் அவனுவ மடைக்குப் போயிட்டு!"

கீழத்தெருவின் பெரிய தலை மாடசாமி, "எங்க மடைக்கு வந்த தண்ணிய நாங்க என்ன திருப்பியா அனுப்புவோம்? அடைச்சது யாருன்னு எங்களுக்குத் தெரியாது வே!" என்று கத்தினார்.

இசக்கி கும்பிட்டார். "நான் விடிய முன்னாலயே தொறந்துட்டு, கடைசி வயலுக்குத் தண்ணி வந்துட்டான்னு பாக்கப் போயிட்டேன் ஐயா. பிள்ளைய மேல சத்தியம். எனக்கு இப்படி அடைக்கவே தெரியாது. அங்கன பாருங்க, நாரு வச்சு அடைச்சிருக்கு!"

ஏட்டும் வந்துவிட்டார். குனிந்து அடைப்பைத் தட்டிப் பார்த்தார். "வேல தெரிஞ்ச பய அடைச்சிருக்கான்" என்றார். பிறகு இசக்கியின் கையைப் பிடித்துத் தூக்கினார். "ஸ்டேஷனுக்கு நட."

நான் அடைப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் விரல் தடம் களிமண்ணில் அப்படியே பதிந்திருந்தது. நிறைந்த வயலில் கொட்டின தண்ணீர் வீணாகவில்லை, தாண்டிப் போய்க்கொண்டிருந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஒருவரும் பார்க்கவில்லை. பல் விளக்கின பெரியவரையும் காணோம். சண்முகம் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறான். பேசாமல் இருந்தால் பட்டை என் கையில் இருக்கும். இசக்கி டாணாவில் இருப்பார், நீர்ப்பாய்ச்சி வேலையும் அன்றோடு போகும். உண்மையைச் சொல்கிறேன், இரண்டு மூச்சு விடுகிற நேரம் பேசாமல்தான் இருந்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ஏட்டையா, அவர விடும். அடைச்சது நான்."

சங்கரன்தான் முதலில் பேசினார். "அண்ணாச்சி, நீரு வேதக்காரரு, எரக்கப்படுதீரு. அதுக்காவப் பொய் சொல்லலாமா?"

அட, நம்ப மாட்டேன் என்கிறார்களே! நான் மறுபடி வேட்டியைத் தூக்கிக் கட்டினேன். இறங்கி அடைப்பைப் பிய்த்துப் பலகையைத் தூக்கினேன். தண்ணீர் பாய்ந்தது. பலகையை இறக்கி, இடுப்பு நாரை உருவி, நூறு பேர் பார்க்க மறுபடி அடைத்தேன். ஒரு சொட்டு கசியவில்லை. திரும்பிப் பார்த்தேன், எல்லார் வாயும் திறந்திருந்தது.

"எதுக்கு வே அடைச்சீரு?" என்றார் மாடசாமி.

"தண்ணி வீணாப் போவுதேன்னு."

மாடசாமிக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "ஏலே, வயலுக்குப் போற தண்ணி வீணாப் போவுதாம்லே!" கீழத்தெரு சிரித்தது. மேலத்தெரு சிரிக்கக் கூடாது என்று பார்த்தது, முடியவில்லை. இசக்கி கிழிந்த உதட்டோடு சிரித்தார். சிரித்துக்கொண்டே வெட்ட முடியுமா? மாடசாமியே கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காலையில எங்களுக்கு வந்த தண்ணி எவ்வளவு நேரமோ, அவ்வளவு நேரம் எங்க மொறையிலேர்ந்து எடுத்துக்கிடுங்க. இவரு மொகத்துக்காவ" என்றார். சாயங்காலத்துக்குள் மேலத்தெருவின் கடைசி வயலில் தண்ணீர் நின்றது. நானே போய்ப் பார்த்தேன்.

மறுநாள் இன்ஸ்பெக்டர் கூப்பிட்டனுப்பினார். பட்டையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு நின்றேன்.

"பாத்தவன் ஒருத்தனும் இல்லையாமே. நீர் ஏன் சொன்னீர்?"

"இசக்கிய உள்ள போட்டுட்டு நான் எப்படிய்யா வெளிய நிக்க?"

அவர் தடியின் முனையால் பட்டையை என் பக்கம் தள்ளினார். "கட்டிக்கொண்டு போம். மடையில் மட்டும் கை வைக்காதேயும்."

கேளுங்கள், இதுதான் விசேஷம். அந்த வாரமே இரண்டு தெருக்காரர்களும் சேர்ந்து என் கடைக்கு வந்தார்கள். முறை மாறுகிற நாளில் எல்லாம் நான் மடையில் நிற்க வேண்டுமாம். இந்த ஊரில் ஒரு சாண் வயல்கூட இல்லாதவன் நான். மேலத்தெருவுக்கும் வேண்டியவன் இல்லை, கீழத்தெருவுக்கும் வேண்டியவன் இல்லை. தப்பைச் சொல்ல வாயும் இருக்கிறது. அன்றிலிருந்து இன்றுவரை அந்த மடையில் மண்வெட்டி ஓங்கப்படவில்லை. இசக்கி மட்டும் ஒரு மாசம் என் முகத்தைப் பார்க்கவில்லை, அதுவும் நியாயம்தான். பிறகு ஒரு நாள் வந்து, கீழ மதகில் கசிவு நிற்க மாட்டேன் என்கிறது, அந்த நார் வைக்கிற வித்தையைக் காட்டும் என்றார். இப்போது ஊரில் உள்ள எல்லா மதகிலும் நம் பனைநார் இருக்கிறது. சண்முகம் சொன்ன ஆறு மாசமும் தாண்டிவிட்டது, பட்டை என் கையில்தான் இருக்கிறது.

ஆனாலும் ஊரில் இருக்கிற உங்களிடம் ஒன்றை மறைக்க மாட்டேன். முறை நாளில் இசக்கி பலகையைத் தூக்குவார். தண்ணீர் குபுகுபுவென்று வயலுக்குள் இறங்கும். எல்லோரும் முகம் மலர்ந்து நிற்பார்கள்; எனக்கும் சந்தோஷம்தான். முதல் வயல் நிறைந்து வழியும்போது மட்டும் என் வலது கை என்னைக் கேட்காமல் மடைப்பக்கம் நீளும். அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன். இன்ஸ்பெக்டர் மாதிரியே நிற்கிறார் பார் என்று கரையில் பேசிக்கொள்கிறார்கள். நான் மறுத்துச் சொல்வதில்லை. தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேருகிறவரைக்கும் கையை விடாமல் நிற்கிறேன்.